செத்த பந்து

பருப்புக் காயப்போடாத ஞாயிறுகளில்
காங்கேயம் மில்லின் களம் எங்களுக்கு.
முதலாளி சொன்னது ஒன்றுதான்:
ஒரு கொப்பரையும் குறையக் கூடாது.

நாங்கள் எழுதிக்கொண்டவை பதினொன்று.
தண்ணீர் டிரம்மில் ஒட்டிய தாளில்
நான்காவது விதி மழையில் கரைந்துவிட்டது.
என்னவென்று ஒருத்திக்கும் நினைவில்லை.
அதையும் யாரும் இதுவரை மீறவில்லை.

எல்லாம் பத்து வயதுக்குள்.
வந்தவர் அத்தனை பேரும் மட்டை பிடிக்க வேண்டும்.
ஐந்து ஓட்டம் வந்தால் போதும், எதிரணிக்கு வழிவிடு.
அடுத்தடுத்து இரண்டு இன்னிங்ஸ் எவளும் உட்காரக் கூடாது.
பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை
பேஸை விட்டுக் கால் கிளம்பக் கூடாது;
இது சஷ்மிதாவுக்குப் புரிய மூன்று ஞாயிறு ஆயிற்று.
"அதெப்படிங்க்கா,
பஸ்ஸு கெளம்புறக்கு முன்னாடியே
ஏறிக்கோணுமில்லீங்?"

பேஸ் என்பது நார் திணித்த பருப்புச் சாக்கு.
எண்ணெய் வாசத்துக்கு இரண்டாவதில் எப்போதும் எறும்பு.
அங்கே ஒருத்தியும் நிற்பதில்லை,
எங்கள் வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

ஆடியில் உயரப் போன பந்து
எங்கே இறங்கும் என்று பந்துக்கே தெரியாது.
காற்றாலை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது, பாருங்கள் என்றேன்.
பார்த்தார்கள்.
காற்றாலையை மட்டும் பார்த்தார்கள்.

ஏழாவது விதி என்னைப் பற்றியது.
பிட்சர் நான்கு பந்தைத் தப்பாய்ப் போட்டால்
சும்மா நடந்து போவது எங்களிடம் இல்லை.
கோச் வந்து போட வேண்டும், தன் பிள்ளைக்குத் தானே.
போட்டபின் அவள் வெறும் கம்பம்.
பந்து அவள்மேல் பட்டால், செத்த பந்து.
எல்லோரும் பழைய இடத்துக்கு.

லிப்சா சித்திரையில் ஒடிசாவிலிருந்து வந்தாள்.
அப்பா எங்கள் மில்லில் மூட்டை இறக்குகிறார்.
பதிமூன்று ஞாயிறு, மட்டையில் ஒரு பந்தும் படவில்லை.
அவள் கற்ற முதல் தமிழ்ச் சொல்: அவுட்டு.

வெள்ளகோவில் பிள்ளைகள் வேனில் வந்த அன்று
அவளுக்கு நான் போட வேண்டி வந்தது.
முதல் பந்து, காற்றை அடித்தாள்.
இரண்டாவதைத் தாழ்த்தி, மெதுவாக,
மட்டை வரும் பாதையிலேயே வைத்தேன்.

டொக்.

பதினாலு வருஷம் முன்னால்
ஈரோட்டுக் கல்லூரிக்கு ஷார்ட்ஸ்டாப் நின்ற கை
என்னைக் கேட்கவில்லை.
முகத்துக்கு நேரே, க்ளவுஸ் இல்லாமல்,
பிடித்துவிட்டது.

லிப்சா ஓடிக்கொண்டிருந்தாள்.
முதல் சாக்கு, எறும்புச் சாக்கு, மூன்றாவது.
சொல்லிக்கொடுத்தபடியே திரும்பிப் பார்க்காமல்.
வீட்டுக் கோட்டில் இரண்டு காலையும் ஊன்றி
யாராவது கைதட்டுவார்களா என்று பார்த்தாள்.

"டெட் பால்" என்றார் வெள்ளகோவில் கோச் தனமணி,
சத்தமில்லாமல், தரையைப் பார்த்து.
"ஏனுங்க்கா, நம்ம பந்தை
நீங்களே கொன்னுபோட்டீங்" என்றாள் சஷ்மிதா.

மீறியது நான்.
மறுபடி ஆட வேண்டியது அவள்.
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்,
என் கையெழுத்திலேயே.

கைகளை முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு
இன்னும் இரண்டு போட்டேன்.
"அவுட்டு" என்று தானே சொல்லி
மட்டையைப் படுக்க வைத்தாள், வீசாமல்.
அது ஒன்பதாம் விதி.

திங்கட்கிழமை பேரேட்டில் லோடு எழுதுகையில்
இடது உள்ளங்கை வீங்கிச் சிவந்திருந்தது.
ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மூட்டையை இறக்கிவிட்டு வந்த அவள் அப்பாவை நிறுத்தி
கையைக் காட்டினேன்.
"உங்க லிப்சா. லிப்சா அடிச்சதுங்."

அவர் முகம் வெளிறிற்று.
இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு குனிந்தார்,
ஒருமுறை, இன்னொரு முறை.

இல்லீங், இல்லீங், அப்படி இல்லீங்...
அவர் மொழியில் ஒரு சொல்லும் வராமல்
நீட்டிய கையோடு
நின்றுகொண்டிருந்தேன்.